பழைய தகரம், புதிய பொருள்

பழைய எண்ணெய் டின் ஒன்று. ஓரத்தில் துரு. அடியில் ஓட்டை. வீட்டில் இனி அதனால் பயன் இல்லை. அது காயலான் கடைக்குப் போகிறது. தராசில் ஏறுகிறது. கிலோவுக்கு இவ்வளவு என்று சில ரூபாய் கிடைக்கிறது. அதோடு டின்னின் கதை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள்.

ஆனால் கதை அங்கே முடிவதில்லை.

குஜராத் மாநிலத்தில் கட்ச் என்ற மாவட்டம் இருக்கிறது. அங்கே நிரோனா, ஜூரா என்ற ஊர்களில் லோகார் என்னும் கொல்லர் குடும்பங்கள் வாழ்கின்றன. இவர்கள் பழைய இரும்புத் தகட்டை வாங்குகிறார்கள். அதை வெட்டுகிறார்கள். சுத்தியலால் தட்டி வளைக்கிறார்கள். விளிம்பை மடக்கிப் பூட்டுகிறார்கள். பற்றவைப்பு இல்லை. பிறகு அதன் மேல் செம்பு, பித்தளைத் தூளைப் பூசி, களிமண்ணால் மூடி, சூளையில் சுடுகிறார்கள். வெளியே வரும்போது அது அழகான மணி. முன்பு ஆடுமாடுகளின் கழுத்தில் கட்டுவதற்காகச் செய்தார்கள். இன்று வீட்டு வாசலில் தொங்கவிடவும் மக்கள் அதை வாங்குகிறார்கள்.

எடைக்குப் போன தகடு, கைவேலை சேர்ந்ததும் எண்ணிக்கைக்கு விற்கிறது. இதுதான் கைத்தொழிலின் பலன்.

ஆனால் மெல்லிய தகடு ஆபத்தானதும்கூட. அதன் விளிம்பு கத்தி போன்றது. அதை அறுக்கும் முறை தெரிய வேண்டும். தெரியாமல் அறுத்தால் தகடும் கெடும், கையும் கிழியும்.

கத்தரியா? ரம்பமா?

மெல்லிய தகட்டை வெட்ட எல்லோருக்கும் தெரிந்த கருவி தகரக் கத்தரி. நேர்க்கோட்டில் வெட்டக் கத்தரி போதும். பெரிய வளைவுக்கும் போதும்.

ஆனால் ஒரு மீன் வடிவம் வேண்டும் என்றால்? மீனின் வால் குறுகி விரிகிறது. துடுப்பு வளைந்து நெளிகிறது. கண் இருக்கும் இடத்தில் உள்ளே ஒரு துளை வேண்டும். கத்தரி அங்கே நுழையாது. நுழைந்தாலும் தகட்டின் ஓரம் மடங்கும், நெளியும்.

இப்படிப்பட்ட வேலைக்கு உதவும் மெஷின் ஒன்று இருக்கிறது. அதன் பெயர் ஸ்க்ரோல் சா. இதில் நூல்போல் மெல்லிய ரம்பப் பிளேடு இருக்கும். பிளேடின் மேல் முனையும் கீழ் முனையும் இறுக்கிப் பிடிக்கப்பட்டிருக்கும். தையல் மெஷின் ஊசிபோல் பிளேடு மேலும் கீழும் ஓடும். பிளேடு அதே இடத்தில் நிற்கும். வேலைப் பொருளைத்தான் கையால் திருப்ப வேண்டும். துணியைத் திருப்பித் திருப்பித் தைப்பதுபோலத்தான்.

மரம் அறுக்கத்தான் இந்த மெஷின் அதிகம் பயன்படுகிறது. சரியான பிளேடு போட்டால் மெல்லிய செம்பு, பித்தளை, அலுமினியம், தகரம் ஆகியவற்றையும் இதில் அறுக்கலாம்.

ஒரு காயம் சொன்ன பாடம்

ஒரு சிறு பட்டறை. ஸ்க்ரோல் சா புதிதாக வந்திருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த இளைஞர் ஆவலோடு அதன் முன் உட்காருகிறார். எண்ணெய் டின்னைப் பிரித்து எடுத்த தகடு அவர் கையில் இருக்கிறது. அதில் மீன் படம் வரைந்திருக்கிறார்.

மெஷினைப் போட்டார். தகட்டைப் பிளேடின் பக்கம் தள்ளினார். தகடு 'டக டக' என்று துள்ளியது. இன்னும் அழுத்திப் பிடித்தார். மறுகணம் பிளேடு தகட்டில் மாட்டிக்கொண்டது. தகடு மேலே எழும்பியது. அவருடைய கட்டைவிரலின் அடியில் கிழித்தது. பிளேடும் ஒடிந்தது.

பட்டறைக்காரர் ஓடி வந்து மெஷினை நிறுத்தினார். சுத்தமான துணியால் காயத்தை அழுத்திப் பிடித்தார்.

"நல்லா அழுத்தித்தான் பிடிச்சேன் அண்ணே. அப்படியும் துள்ளிடுச்சு" என்றார் இளைஞர்.

"அழுத்தினதாலதான் தம்பி கை அவ்வளவு கிட்டப் போச்சு. தகட்டுக்கு வேண்டியது பலம் இல்லே. தாங்கல்" என்றார் பட்டறைக்காரர்.

அவர் சொன்னது முழு உண்மை. ஏன் என்று ஒரு சிறு கணக்கில் பார்க்கலாம்.

மூன்று பல் கணக்கு

இரும்பு அறுக்கும் ஹாக்சா பிளேடைப் பலர் பார்த்திருப்பார்கள். அதில் 18, 24, 32 என்று ஏதாவது ஓர் எண் இருக்கும். ஓர் அங்குல நீளத்தில் அத்தனை பற்கள் என்று அர்த்தம். ஓர் அங்குலம் என்பது 25.4 மில்லிமீட்டர்.

32 பல் பிளேடை எடுத்துக்கொள்வோம். 25.4 மில்லிமீட்டரை 32ஆல் வகுத்தால் சுமார் 0.8 மில்லிமீட்டர் வரும். அதாவது ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் இடைவெளி 0.8 மில்லிமீட்டர்.

உலோகம் அறுப்பவர்களிடம் ஒரு விதி உண்டு. உலோகத்தின் கனத்தில் எப்போதும் மூன்று பற்களாவது பதிந்திருக்க வேண்டும். அப்போதுதான் பிளேடு வழுக்கிக்கொண்டு ஓடும். 32 பல் பிளேடுக்கு, மூன்று பல் பதிய சுமார் 2.4 மில்லிமீட்டர் கனம் வேண்டும்.

உணவுப் பொருள் வரும் டின்னின் பக்கச் சுவர் எவ்வளவு கனம்? சுமார் 0.2 மில்லிமீட்டர்தான். எழுதும் தாள் இரண்டைச் சேர்த்துப் பிடித்தால் வரும் கனம்!

நகை வேலை செய்பவர்களிடம் இன்னும் நுண்ணிய பிளேடு இருக்கிறது. 2/0 என்ற எண் உள்ள பிளேடில் ஓர் அங்குலத்துக்கு ஏறத்தாழ 56 பற்கள் இருக்கும். அதிலும் பல்லின் இடைவெளி 0.4 மில்லிமீட்டருக்கு மேல்தான். தகடோ 0.2 மில்லிமீட்டர். ஆகவே தகடு இரண்டு பற்களுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் விழுகிறது. அடுத்த பல் வந்து அதைக் கொக்கிபோல் மாட்டி இழுக்கிறது. பிளேடு கீழே போகும்போது தகடு வளைகிறது. மேலே வரும்போது தகடும் எழும்புகிறது. இதைக் கையால் எவ்வளவு அழுத்தினாலும் நிறுத்த முடியாது.

அப்படியானால் வழி என்ன?

மரத்துக்கு நடுவே தகடு

வழி எளிது. தகட்டை இரண்டு மெல்லிய பலகைகளுக்கு நடுவே வைக்க வேண்டும். மேலே ஒரு பிளைவுட். கீழே ஒரு பிளைவுட். நடுவில் தகடு. 3 மில்லிமீட்டர் கனமுள்ள பிளைவுட் போதும். மூன்றையும் சேர்த்தே அறுக்க வேண்டும்.

இதனால் நான்கு நன்மைகள் உண்டு.

ஒன்று: தகடு வளைய இடம் இல்லை. எழும்பவும் இடம் இல்லை.

இரண்டு: பிளேடின் பல மரத்தில் பதிந்திருக்கும். மரம் அறுபடும் வேகத்தில்தான் பிளேடு முன்னே போகும். அதனால் தகடு பல்லின் பள்ளத்தில் விழுவதில்லை.

மூன்று: விரல் தொடுவது மரத்தை. தகட்டின் கூரிய விளிம்பை அல்ல.

நான்கு: தகட்டின் ஓரத்தில் பிசிறு குறைவாக வரும்.

இன்னொரு லாபமும் உண்டு. ஒரு தகட்டுக்குப் பதில் நான்கு தகடுகளை அடுக்கி வைக்கலாம். ஒரே முறை அறுத்தால் நான்கு மீன்கள் கிடைக்கும். நான்கும் ஒரே அளவாக இருக்கும்.

எந்தத் தகடு ஆகாது?

காயலான் கடையில் கிடைக்கும் எல்லாத் தகடும் அறுக்க ஏற்றது அல்ல. சிலவற்றைத் தொடவே கூடாது.

பூச்சிமருந்து டப்பா கூடவே கூடாது. பத்து முறை கழுவினாலும் மருந்து முழுவதும் போகாது. காலியான பூச்சிமருந்து டப்பாவை மறுபடி யாரும் பயன்படுத்தாதபடி உடைத்து, குடியிருப்புக்குத் தொலைவில் புதைக்க வேண்டும் என்று 1971ஆம் ஆண்டு விதிகளே கூறின.

வாயு அடைத்த டப்பாக்கள் கூடாது. கொசு மருந்து அடிக்கும் ஸ்பிரே, பெயிண்ட் ஸ்பிரே, கேஸ் டப்பா ஆகியவை இந்த வகை. காலி என்று தோன்றும். உள்ளே அழுத்தம் மிச்சம் இருக்கலாம். அறுத்தால் வெடிக்கும்.

பெட்ரோல், தின்னர் இருந்த டிரம் கூடாது. திரவம் தீர்ந்தாலும் ஆவி உள்ளே நிற்கும். ஒரு தீப்பொறி போதும், வெடித்துவிடும்.

பழைய பெயிண்ட் அடித்த தகட்டில் கவனம் வேண்டும். முன்பு பெயிண்டில் காரீயம் அதிகம் கலந்தார்கள். வீட்டுப் பெயிண்டில் காரீயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. காரீயத் தூள் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். ஆகவே பழைய பெயிண்டைச் சுரண்டக் கூடாது. உப்புத்தாளால் தேய்க்கக் கூடாது. தீயில் எரிக்கவும் கூடாது. அப்படிப்பட்ட தகட்டை ஒதுக்கி வைப்பதே நல்லது.

துத்தநாகம் பூசிய தகட்டை ஜி.ஐ. தகடு என்பார்கள். கூரைக்குப் போடுவது இதுதான். இதை அறுக்கலாம். ஆனால் தீயில் காய்ச்சக் கூடாது. அந்தப் புகையைச் சுவாசித்தால் குளிர்காய்ச்சல் போல வரும்.

கடைசியாக ஓர் அடையாளம். மஞ்சள் நிறத்தின் மேல் மூன்று இதழ் விசிறி போன்ற படம். நடுவில் ஒரு வட்டம். இது கதிர்வீச்சு ஆபத்தைக் குறிக்கும் அடையாளம். டெல்லியில் மாயாபுரி என்ற இடத்தில் பெரிய பழைய இரும்புச் சந்தை இருக்கிறது. 2010 ஏப்ரலில் அங்கே ஒரு துயரம் நடந்தது. ஏலத்தில் வந்த பழைய ஆய்வுக் கருவியைத் தொழிலாளர்கள் உடைத்தார்கள். அதற்குள் கோபால்ட்-60 என்ற கதிர்வீச்சுப் பொருள் இருந்தது. அது கண்ணுக்குத் தெரியாமல் தாக்கியது. ஒரு தொழிலாளி இறந்தார். பலர் கடுமையாக நோயுற்றார்கள். இந்த அடையாளம் உள்ள பொருளைக் கண்டால் தொடக் கூடாது. மற்றவர்களையும் விலகச் சொல்ல வேண்டும். உடனே 112 என்ற எண்ணில் காவல் துறைக்குச் சொல்ல வேண்டும்.

எது நல்ல தகடு?

சமையல் எண்ணெய் டின், பிஸ்கட் டின், பழைய பித்தளைத் தாம்பாளம், செம்புத் தகடு, அலுமினியத் தகடு ஆகியவை நல்லவை. ஒவ்வொன்றையும் சோப்புத் தண்ணீரில் கழுவிக் காயவைக்க வேண்டும்.

எது எந்த உலோகம் என்று பார்க்க ஒரு காந்தம் போதும். எண்ணெய் டின்னில் காந்தம் ஒட்டும். ஏனென்றால் தகரம் என்பது வெள்ளீயம் பூசிய மெல்லிய இரும்புத் தகடுதான். செம்பு, பித்தளை, அலுமினியம் ஆகியவற்றில் காந்தம் ஒட்டாது. பித்தளைபோல் மின்னும் தகட்டில் காந்தம் ஒட்டினால் அது பித்தளை முலாம் பூசிய இரும்பு. பித்தளை விலை கொடுத்து அதை வாங்கக் கூடாது.

அறுக்கும் முறை

1. தோல் கையுறை போட்டுக்கொண்டு டின்னைப் பிரிக்க வேண்டும். மேல் விளிம்பும் அடி விளிம்பும் கனமானவை. அவற்றைத் தகரக் கத்தரியால் வெட்டி நீக்க வேண்டும்.

2. தகட்டைச் சமமான கட்டையின் மேல் வைக்க வேண்டும். மரச் சுத்தியலான கொட்டாப்புளியால் தட்டி நிமிர்த்த வேண்டும். இரும்புச் சுத்தியலால் தட்டினால் தகட்டில் பள்ளம் விழும்.

3. தகட்டைவிடச் சற்றுப் பெரிய இரண்டு பிளைவுட் துண்டுகள் எடுக்க வேண்டும். தகட்டை நடுவில் வைத்து, நான்கு பக்கமும் அகலமான டேப் சுற்றி இறுக்க வேண்டும். கழிவாகப் போகும் மூலைகளில் சிறு திருகு போடலாம். திருகு அறுக்கும் கோட்டில் வரக் கூடாது.

4. மீன் படத்தைத் தாளில் வரைந்து மேல் பலகையில் ஒட்ட வேண்டும்.

5. மீனின் கண் இருக்கும் இடத்தில் டிரில்லால் ஒரு சிறு துளை போட வேண்டும். வேலைப் பொருளைக் கிளாம்ப் போட்டு மேசையோடு இறுக்கிய பிறகே டிரில்லை ஓட்ட வேண்டும். டிரில் ஓடும்போது கையுறை கூடாது. சுழலும் டிரில் கையுறையைச் சுற்றி இழுத்துக்கொள்ளும்.

6. மெஷினின் பிளக்கைக் கழற்றிவிட்டுப் பிளேடு மாட்ட வேண்டும். பல் கீழ்நோக்கி இருக்க வேண்டும். கையால் தடவிப் பார்க்கக் கூடாது. ஒரு காகிதத்தை மேலிருந்து கீழாக உரசிப் பார்த்தால் பல் எந்தப் பக்கம் என்று தெரியும். பிளேடை நன்றாக இறுக்க வேண்டும். லேசாகச் சுண்டினால் தந்திபோல் 'டிங்' என்று ஒலிக்க வேண்டும்.

7. முதலில் உள்ளே உள்ள துளையை அறுக்க வேண்டும். பிளேடின் மேல் முனையைக் கழற்றி, துளைக்குள் நுழைத்து, மறுபடி மாட்ட வேண்டும். கடைசியில்தான் வெளிக்கோட்டை அறுக்க வேண்டும். வெளிக்கோட்டை முதலில் அறுத்தால் பிடிக்க இடம் இருக்காது.

8. பிளேடின் முதுகிலும் பக்கத்திலும் மெழுகுவத்தியைத் தேய்க்க வேண்டும். இதையும் மெஷினை நிறுத்திவிட்டே செய்ய வேண்டும். மெழுகு சூட்டைக் குறைக்கும். அலுமினியத் துகள் பல்லில் அடைத்துக்கொள்வதையும் தடுக்கும்.

9. மெஷினை மெதுவாக ஓடவிட வேண்டும். பல மெஷின்களில் பிளேடு நிமிடத்துக்கு 400 முறை முதல் 1,600 முறை வரை ஓடும்படி வைக்கலாம். உலோகத்துக்குக் குறைந்த வேகமே நல்லது. வேகம் கூடினால் பிளேடு சூடேறி மழுங்கும்.

10. மெஷினில் வேலைப் பொருளை அழுத்திப் பிடிக்கும் ஒரு சிறு கால் இருக்கும். அது பலகையைத் தொடும்படி இறக்கிவிட வேண்டும். விரல்கள் பிளேடின் இரு பக்கமும் இருக்க வேண்டும். பிளேடின் நேர் முன்னே விரல் வரக் கூடாது.

11. தள்ளக் கூடாது. பிளேடு அறுக்கும் அளவுக்குத்தான் பொருளை நகர்த்த வேண்டும். பிளேடு பின்னால் வில்போல் வளைந்தால் அதிகம் தள்ளுகிறோம் என்று அர்த்தம். கீச்சென்ற சத்தம் வந்தாலும், கருகும் வாடை வந்தாலும் நிறுத்திவிட்டு மெழுகு போட வேண்டும். பிளேடு மழுங்கியிருந்தால் மாற்ற வேண்டும்.

உடையிலும் கவனம்

கண்ணாடி போடாமல் அறுக்கவே கூடாது. சாதாரணப் பார்வைக் கண்ணாடி போதாது. பக்கவாட்டையும் மூடும் பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும். மரத்தூளும் உலோகத்தூளும் மூக்கில் போகாமல் முகமூடி வேண்டும்.

சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொள்ள வேண்டும். துப்பட்டாவைக் கழற்றி வைக்க வேண்டும். கூந்தலை முடிந்துகொள்ள வேண்டும். வளையல், மோதிரம், கைக்கடிகாரம் ஆகாது. செருப்பு போதாது. கீழே விழும் தகடு பாதத்தில் குத்தும். மூடிய காலணி வேண்டும்.

மெஷினுக்கு மூன்று முனைப் பிளக்கும், சரியான எர்த் இணைப்பும் வேண்டும். ஈரக் கையால் சுவிட்சைத் தொடக் கூடாது. துகள்களைக் கையால் துடைக்கக் கூடாது, வாயால் ஊதவும் கூடாது. தூரிகையால் தள்ள வேண்டும். வேலை முடிந்ததும் கை கழுவாமல் சாப்பிடக் கூடாது. குழந்தைகளைப் பக்கத்தில் விடக் கூடாது.

பிசிறை நீக்குதல்

அறுத்த பின் பலகையைப் பிரித்தால் மீன் கையில் வரும். பார்க்க நன்றாக இருக்கும். ஆனால் வேலை இன்னும் முடியவில்லை. ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத பிசிறு இருக்கும். இந்தப் பொருள் நாளை ஒரு வீட்டுக்குப் போகும். அங்கே ஒரு குழந்தை அதைத் தொடும்.

ஆகவே மெல்லிய அரத்தால் ஓரத்தை ராவ வேண்டும். பிறகு நுண்ணிய உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். கூரிய முனைகளைச் சற்று மழுக்க வேண்டும். கடைசியில் ஒரு பழைய துணியை ஓரத்தில் ஓட்டிப் பார்க்க வேண்டும். துணி எங்கே மாட்டுகிறதோ அங்கே பிசிறு இருக்கிறது. துணி எங்கும் மாட்டாதவரை ராவ வேண்டும்.

காயம் பட்டால்

சுத்தமான துணியால் அழுத்திப் பிடிக்க வேண்டும். கையை உயர்த்தி வைக்க வேண்டும். இரத்தம் நின்ற பின் சோப்பாலும் தண்ணீராலும் கழுவ வேண்டும். காப்பித்தூள், சாம்பல், மண் எதையும் காயத்தில் வைக்கக் கூடாது. இரத்தம் நிற்காவிட்டாலும், காயம் ஆழமாக இருந்தாலும், விரல் மடங்காவிட்டாலும், மரத்துப்போனாலும் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

துருப்பிடித்த தகடு கிழித்தால்தான் ரணஜன்னி வரும் என்று பலர் நினைக்கிறார்கள். இது சரியல்ல. ரணஜன்னி துருவால் வருவதில்லை. ஒரு கிருமியால் வருகிறது. அந்தக் கிருமி மண்ணிலும் சாணத்திலும் அழுக்கிலும் இருக்கிறது. பளபளப்பான தகடு கிழித்தாலும் அது காயத்தில் நுழையலாம். இந்த வேலை செய்பவர்கள் ரணஜன்னித் தடுப்பூசியை முன்கூட்டியே போட்டிருக்க வேண்டும். காயம் பட்டால் மறுபடி ஊசி வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும்.

கண்ணில் துகள் விழுந்தால் கசக்கக் கூடாது. துணி நுனியால் எடுக்கக் கூடாது. சுத்தமான தண்ணீரை ஊற்றிக் கழுவ வேண்டும். துகள் கண்ணில் குத்தி நின்றால் தண்ணீரும் ஊற்றக் கூடாது, தொடவும் கூடாது. கண்ணின் மேல் அழுத்தாமல் ஒரு காகிதக் கோப்பையைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். வண்டி வேண்டுமானால் 108ஐ அழைக்கலாம்.

மெஷின் இல்லாதவர்கள்

ஸ்க்ரோல் சா வாங்கப் பணம் வேண்டும். மின்சாரமும் வேண்டும். இரண்டும் இல்லாவிட்டாலும் இந்த வேலையைச் செய்யலாம். நகை வேலை செய்வோர் பயன்படுத்தும் வில் போன்ற கை ரம்பம் இருக்கிறது. ஒரு பலகையில் 'வி' வடிவில் வெட்டு எடுத்து, மேசை ஓரத்தில் கிளாம்ப் போட்டு இறுக்க வேண்டும். அதன் மேல் தகட்டை வைத்து, வெட்டின் நடுவே அறுக்க வேண்டும். இங்கும் பிளேடின் பல் கைப்பிடியை நோக்கிக் கீழே இருக்க வேண்டும். கீழே இழுக்கும்போதுதான் அறுபடும்.

கை ரம்பத்துக்கும் அதே விதிதான். மெல்லிய தகடு என்றால் மரத்துக்கு நடுவே வைக்க வேண்டும். வேகம் குறையும். ஆனால் கை பழகும்.

விலை வைக்கும் கணக்கு

பொருள் செய்தால் போதாது. விலை வைக்கவும் தெரிய வேண்டும். ஒரு கணக்கைப் பார்க்கலாம். இதில் உள்ள தொகைகள் எடுத்துக்காட்டுக்காக மட்டும்.

நான்கு மீன்கள் செய்ய ஆகும் செலவு:

தகடு: 20 ரூபாய்
பிளைவுட்: 30 ரூபாய்
பிளேடு: 20 ரூபாய்
மின்சாரம், மெழுகு, உப்புத்தாள்: 10 ரூபாய்
இரண்டு மணி நேரக் கூலி, மணிக்கு 60 ரூபாய் வீதம்: 120 ரூபாய்
மொத்தம்: 200 ரூபாய்

200ஐ 4ஆல் வகுத்தால் 50. ஒரு மீனுக்கு அடக்க விலை 50 ரூபாய். 50க்கு விற்றால் கூலி மட்டும்தான் கிடைக்கும். அதற்கு மேல் வருவதுதான் லாபம்.

ஒரு மீன் கெட்டுவிட்டால்? அதே 200 ரூபாயை 3ஆல் வகுக்க வேண்டும். ஒரு மீனுக்கு சுமார் 67 ரூபாய் ஆகும். ஒன்று கெட்டால் மற்ற மூன்றும் அதன் செலவைச் சுமக்கின்றன. பொறுமையாக அறுப்பது பணத்தையும் காக்கிறது.

பலர் தங்கள் கூலியைக் கணக்கில் சேர்ப்பதில்லை. "வீட்டில் சும்மா இருந்த நேரம்தானே" என்பார்கள். அது தவறு. உழைத்த நேரத்துக்கு விலை உண்டு.

மிச்சத் துண்டுகளையும் வீசக் கூடாது. பித்தளை, செம்பு, அலுமினியம், இரும்பு என்று தனித்தனியாகச் சேர்த்தால் கடையில் நல்ல விலை கிடைக்கும். அவை உருக்குவதற்குப் போகும். அதனால் நாட்டுக்கும் லாபம். பழைய அலுமினியத்தை உருக்கினால், தாதுவிலிருந்து புதிதாக எடுக்க ஆகும் சக்தியில் 100க்கு 5 பங்குதான் ஆகும்.

எங்கே கற்கலாம்?

ஜன் சிக்ஷன் சன்ஸ்தான் என்ற தொழில் பயிற்சி நிறுவனங்கள் பல மாவட்டங்களில் இருக்கின்றன. இதன் முதல் நிறுவனம் 1967ல் மும்பையில் வேறு பெயரில் தொடங்கியது. 2018 முதல் இவை மத்திய அரசின் திறன் மேம்பாட்டு அமைச்சகத்தின் கீழ் வருகின்றன. எழுத்தறிவு இல்லாதவர்களும், புதிதாகப் படிக்கக் கற்றவர்களும் இங்கே சேரலாம். எந்த ஊரில் எந்தப் பயிற்சி என்பதை நேரில் கேட்டறிய வேண்டும். தொழிற்பயிற்சி நிலையங்களில் தகட்டு வேலைக்கென்றே ஒரு பிரிவு உண்டு.

2023 செப்டம்பரில் பி.எம். விஸ்வகர்மா திட்டம் தொடங்கியது. தச்சர், கொல்லர், பொற்கொல்லர், பொம்மை செய்வோர் உட்பட 18 கைத்தொழில்கள் அதில் உள்ளன. கருவி வாங்க 15,000 ரூபாய் வரை உதவி தருவது அதில் ஓர் அம்சம். தம் தொழில் அந்தப் பட்டியலில் வருகிறதா என்று பொதுச் சேவை மையத்தில் விசாரிக்கலாம்.

இப்போது அந்தப் பட்டறைக்குத் திரும்பலாம். இளைஞரின் காயம் ஆறிவிட்டது. மறுபடி மெஷின் முன் உட்காருகிறார். கண்ணில் பாதுகாப்புக் கண்ணாடி. தகடு இரண்டு பலகைகளுக்கு நடுவே இருக்கிறது. பிளேடில் மெழுகு தடவியாயிற்று. விரல்கள் இரண்டு பக்கமும் தளர்வாக இருக்கின்றன. மெஷின் ஓடுகிறது. துள்ளல் இல்லை. 'டக டக' சத்தமும் இல்லை. பலகை மெல்லத் திரும்புகிறது. டேப்பைப் பிரித்ததும் நான்கு மீன்கள் வருகின்றன.

அவற்றை ராவித் துணியால் சோதிக்கிறார். பிறகு ஒரு மரப்பலகையில் பதித்துச் சாவி மாட்டும் கொக்கி வைக்கிறார். பட்டறைக்காரர் அதைக் கையில் வாங்கி ஓரத்தைத் தடவிப் பார்க்கிறார். கை கிழியவில்லை. தலையை அசைத்து, கடை வாசலில் மாட்டுகிறார்.

சிந்தித்துப் பேசுங்கள்

1. மெல்லிய தகட்டைப் பலகைகளுக்கு நடுவே வைத்து அறுப்பது ஏன்?
2. உங்கள் வீட்டில் உள்ள பழைய டின்களில் எவற்றை அறுக்கலாம்? எவற்றை அறுக்கக் கூடாது?
3. துருவால் ரணஜன்னி வரும் என்று ஒருவர் சொன்னால் அவருக்கு எப்படி விளக்குவீர்கள்?
4. நீங்கள் செய்யும் ஒரு பொருளுக்கு, கூலியையும் சேர்த்து, அடக்க விலை எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.